பூம்பாறையில் வாங்கிய மலைப்பூண்டு: பூண்டுக்குழம்பில் கசப்பு ஏறியது ஏன்?

வைகைக்கரையான் (மதுரை):

சென்ற மாதம் கொடைக்கானல் போயிருந்தபோது, பூம்பாறையில் குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பும் வழியில், ஒரு வீட்டுத் திண்ணையில் இலைத்தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த மலைப்பூண்டில் அரைக் கிலோ வாங்கி வந்தேன். பையைக் காரில் வைத்ததுமே வத்தலக்குண்டு வரை வண்டி முழுவதும் அதன் வாசம்தான். நாற்பது ஆண்டுகளாகக் கடைப் பூண்டையே தின்று பழகிய எங்கள் வீட்டில் இதை வைத்து முதலில் என்ன செய்வது என்று யோசித்து, அம்மாவின் கைப்பக்குவமான பூண்டுக்குழம்பையே வைப்பது என்று முடிவு செய்தேன்.

அம்மாவின் கணக்கு நான்கு பேருக்கு இருபது பல். மலைப்பூண்டின் பல் சிறிதாகத் தெரிந்ததால் நான் நாற்பது எடுத்துக்கொண்டேன். தோல் எளிதில் கழலவில்லை. கத்தியால் சீவிச் சீவி எடுத்ததில் முக்கால் மணி நேரம் போனதோடு பாதிப் பல் சிதைந்தும் போனது. சிதைந்தவற்றை வீணாக்க மனமில்லாமல் பொடியாக நறுக்கிக்கொண்டேன். நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, முதலில் பூண்டையும் பிறகு சின்ன வெங்காயத்தையும் போட்டு வதக்கினேன். வெங்காயம் கண்ணாடிப் பதத்துக்கு வருவதற்குள் பூண்டு காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போய்விட்டது. புளி கரைத்து ஊற்றிக் குழம்பு வற்றியதும் ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டால், முதலில் மூக்கில் ஏறும் ஒரு காட்டம், அதன் பின்னால் அடிநாக்கில் கசப்பு. மறுநாள் காட்டம் அடங்கியிருந்தது. கசப்பு மட்டும் அப்படியே இருந்தது.

இந்தக் கசப்பு மலைப்பூண்டின் இயல்பா, என் கைப்பிழையா? இன்னும் முந்நூறு கிராமுக்கு மேல் மீதம் இருக்கிறது. அதை எதில் போட்டால் வாங்கிய காசுக்குத் தகும் என்று பழக்கமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

மேல்மலை மகள் (கோவை):

அண்ணா, நான் மேல்மலையில் பிறந்து வளர்ந்தவள். திருமணமாகிக் கோவைக்கு வந்த பிறகும் ஊரிலிருந்து வரும் பூண்டைத்தான் சமைக்கிறேன். கசப்பு மலைப்பூண்டின் குணமன்று.

எங்கள் பக்கம் சிங்கப்பூர்ப் பூண்டு, ராஜாளிப் பூண்டு என்று இரண்டு வகை உண்டு. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி, பூண்டி என மேல்மலை ஊர்களில் மே மாதத்தை ஒட்டி ஒரு முறையும் நவம்பரை ஒட்டி ஒரு முறையும் போடுவார்கள். ஒரு பூண்டு சராசரியாக 20 முதல் 30 கிராம் வரைதான் இருக்கும். அதனால் பல்லை எண்ணிச் சமைப்பது எந்தப் பூண்டுக்கும் சரிப்படாது, எடைதான் கணக்கு. நாற்பது பல்லை உரித்த பிறகு தராசில் வைத்துப் பார்த்தீர்களா?

தோல் உரிக்கக் கத்தியைத் தொடவே கூடாது. பல்லைப் பிரித்து, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பிசறி, அரை மணி நேரம் வெயிலில் போட்டுவிட்டு, முறத்தில் கொட்டிக் கோணித்துணியால் தேய்த்துப் புடைத்தால் தோல் பறந்துவிடும். வெயில் இல்லாத நாளில் வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டால் போதும். பல் சிதையாமல் முழுதாக வரும். குழம்புக்கு அந்த முழுமைதான் முக்கியம்.

நீங்கள் வாங்கியதில் புகை வாசம் இருந்ததா? விற்காமல் வைத்துக்கொள்ளும் பூண்டை எங்கள் வீடுகளில் அடுப்புப் புகை படும்படி பரணில் கட்டித் தொங்கவிடுவோம். அப்படிப் புகை குடித்த பூண்டு அடுத்த பருவம் வரை கெடாது; தோல் மட்டும் பல்லோடு இறுகிவிடும்.

அடுப்படிச் சோதனையாளன் (சென்னை):

கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், காட்டமும் கசப்பும் வெவ்வேறு காரணங்களால் வந்தவை என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முழுப் பல்லுக்குக் காட்டமே கிடையாது. மூக்கருகே வைத்துப் பார்த்தால் தெரியும். அல்லீன் என்ற கந்தகச் சேர்மம் ஓர் அறையிலும், அதை உடைக்கும் அல்லினேஸ் என்ற நொதி இன்னோர் அறையிலுமாகப் பூண்டின் உயிரணுவுக்குள் பிரிந்தே கிடக்கின்றன. நறுக்கும்போதோ நசுக்கும்போதோ அறைச்சுவர் உடைந்து இரண்டும் கலந்து, சில நொடிகளில் அல்லிசின் உண்டாகிறது. 1944ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கவல்லிட்டோ, பெய்லி ஆகிய இருவரும் பிரித்தெடுத்துக் காட்டிய பொருள் அதுதான். நொதி சூட்டைத் தாங்காது. முழுப் பல்லை நேராகக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால், உடைவதற்கு முன்பே நொதி செத்துவிடுகிறது. எனவேதான் குழம்பில் வெந்த முழுப் பூண்டு வெண்ணெய் போலக் குழைந்து இனிக்கிறது. நீங்களோ சிதைத்து, நறுக்கி, முக்கால் மணி நேரம் காத்திருந்து போட்டிருக்கிறீர்கள். அல்லிசின் முழுவதும் உருவாகி முடிந்த பிறகே அது சட்டிக்குப் போயிருக்கிறது. அந்தக் காட்டம் நீங்களே வளர்த்தது.

கசப்பு கருகலால் வந்தது. வெங்காயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீர் என்றால், பூண்டில் அறுபதை ஒட்டித்தான் இருக்கும். மீதத்தில் பெரும்பகுதி ஃபிரக்டன் எனும் சர்க்கரைத் தொடர். நீர் குறைவு, சர்க்கரை அதிகம், துண்டும் சிறிது என்றால் வெங்காயத்துக்கு முன்பே கருகத்தான் செய்யும். முதலில் வெங்காயம், அது பாதி வதங்கிய பின் முழுப் பூண்டு, தீ மிதம். இந்த வரிசையை மாற்றினால் எந்த ஊர்ப் பூண்டும் கசக்கும்.

கணக்குப்பிள்ளை (திண்டுக்கல்):

ஒரு மாறுபட்ட கருத்து. மலைப்பூண்டு நல்ல சரக்கு என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தப் பெயரில் விற்கப்படுவதெல்லாம் மலைப்பூண்டு என்பதில்தான் ஐயம். 2019ஆம் ஆண்டில் எங்கள் மாவட்டத்துக்கு மூன்று புவிசார் குறியீடுகள் கிடைத்தன. ஒன்று பழனிப் பஞ்சாமிர்தம், இன்னொன்று திண்டுக்கல் பூட்டு, மற்றொன்று கொடைக்கானல் மலைப்பூண்டு. அதன் பிறகு சாலையோரக் கூடைகளிலெல்லாம் மலைப்பூண்டு மயமாகிவிட்டது. குறியீடு என்பது பெயருக்கான சட்டப் பாதுகாப்பே தவிர, உங்கள் பையிலுள்ள பூண்டுக்கு யாரும் கொடுத்த சான்றிதழ் அன்று.

என் தந்தை காலத்திலிருந்தே வடுகப்பட்டிச் சந்தையில் பூண்டு எடுத்துப் பழகிய குடும்பம் எங்களுடையது. அங்கே வடநாட்டுச் சரக்கும் மலைச்சரக்கும் பக்கத்துப் பக்கத்தில் குவிந்து கிடக்கும். கண்ணால் பிரிக்க ஒரு வழி சொல்கிறேன். மலைச்சரக்கு பளீர் வெள்ளையாக இருக்காது. வெளிர் மஞ்சளோ மங்கலான வெண்மையோ இருக்கும், பல்லை நகத்தால் கீறினால் பிசுபிசுவென்று ஒட்டும். முட்டை போல வெளுத்து, பெரிய பல்லாக, அடிவேர் சுத்தமாக மழித்து வந்தால், அது சீனச் சரக்காக இருக்கலாம். 2014 முதல் சீனப் பூண்டு இறக்குமதிக்கு இந்தியாவில் தடை இருந்தும் அவ்வப்போது திருட்டுத்தனமாக வந்து பிடிபடுவதைச் செய்தித்தாளில் பார்க்கிறோம்.

இன்னொன்று. புளியும் மிளகாய்த்தூளும் வெல்லமும் சேர்ந்து அரை மணி நேரம் கொதிக்கும் குழம்பில் எந்தப் பூண்டைப் போட்டால் என்ன? பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு களை எடுக்கப் போவது போன்ற வேலை அது.

மேல்மலை மகள்:

கணக்குப்பிள்ளை ஐயா சொல்வதில் முதல் பாதிக்கு நான் மறுப்பு சொல்லவில்லை. வீட்டுத் திண்ணையில் தாளோடு கட்டியதை வாங்கியிருப்பதால் அண்ணன் ஏமாந்திருக்க வாய்ப்பில்லை என்றே நினைக்கிறேன். அயலூர்ச் சரக்கைத் தாளோடு கொண்டுவந்து கொத்துக் கட்டுவது யாருக்கும் கட்டுபடியாகாது. ஆனால் குழம்பில் போடுவதே வீண் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் பாட்டி வைத்த குழம்பில் அந்தப் பூண்டின் மணம் தனியாகத் தெரியும்.

கணக்குப்பிள்ளை:

பாட்டியின் கைமணத்தைப் பூண்டின் கணக்கில் எழுதிவிடுகிறீர்கள், அம்மா. கண்ணை மூடிச் சுவைத்துப் பார்த்து யாராவது பிரித்துக் காட்டினால் நான் என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

யாழ் மருமகள் (டொரொண்டோ):

எங்களுக்கு இது உள்ளி. பூண்டு என்று சொன்னால் எங்கள் மாமிக்குச் செடி, புல்தான் நினைவுக்கு வரும். பிள்ளை பெற்ற வீட்டில் உள்ளியை அள்ளிப் போட்டு மிளகோடும் மற்றக் கறிச்சரக்கோடும் காய்ச்சும் கறியில் முழு உள்ளிதான் போடுவோம். நசுக்கிப் போட்டால் பெற்றவளுக்கு நெஞ்செரியும் என்பது மாமியின் கட்டளை. அதற்குரிய விளக்கத்தை இப்போதுதான் சோதனையாளன் ஐயாவின் எழுத்தில் கண்டேன்.

எடைக் கணக்கைப் பற்றி என் அனுபவத்தையும் சொல்ல வேண்டும். ஒன்டாரியோவில் உழவர் சந்தைகளில் மியூசிக் என்ற பெயருடைய ஓர் உள்ளி கிடைக்கிறது. நடுவில் கட்டையான தண்டு நின்று, அதைச் சுற்றி நான்கைந்து பல் மட்டுமே இருக்கும். ஒரு பல்லே நம் ஊர் உள்ளியில் பாதிக்குச் சமம். நான் இங்கு வந்த முதல் ஆண்டில் மாமியின் கணக்குப்படி பதினைந்து பல் போட்டுக் கறி வைத்து, வீட்டு ஜன்னலையெல்லாம் திறந்து வைக்க வேண்டியதாயிற்று. வைகைக்கரையான் அண்ணாவுக்குச் சிறிய பல்லால் வந்த குழப்பம் எனக்குப் பெரிய பல்லால் வந்தது. அந்த வகையில் ஒரு நன்மையும் உண்டு: கோடையின் தொடக்கத்தில் அதன் பூந்தண்டைச் சுருள் சுருளாக வெட்டி விற்பார்கள். அதைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவும் (துருவிய தேங்காய்) பச்சை மிளகாயும் போட்டு வறை (பொரியல்) செய்தால், காட்டம் சிறிதும் இல்லாத உள்ளி மணம் சோற்றோடு சேரும். மலைப்பூண்டிலும் அப்படித் தண்டு வருமா என்று அறிய ஆவல்.

மேல்மலை மகள்:

எங்கள் பூண்டில் அப்படிக் கட்டைத்தண்டு வந்து நான் பார்த்ததில்லை, அக்கா. தாள் மென்மையாக மடங்கும், அதனால்தான் கொத்தாகக் கட்ட முடிகிறது. இளந்தாளை அரிந்து துவையலில் போடுவோம்.

வைகைக்கரையான்:

அனைவருக்கும் நன்றி. நாற்பது பல்லை நான் நிறுத்துப் பார்க்கவில்லை. இப்போது மீதியிலிருந்து நாற்பது பல்லை எண்ணி உரித்து நிறுத்தேன். 95 கிராம் வந்தது. கடைப் பூண்டில் இருபது பல் 60 கிராம்தான் இருந்தது. சிறிய பல்லுக்கு ஈடு கட்டுவதாக நினைத்து ஒன்றரை மடங்கு போட்டிருக்கிறேன். புகை வாசமும் தோலில் இலேசாக இருக்கிறது. கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன பந்தயத்தை ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் நடத்தப்போகிறேன். சுவைப்பவர் எண்பத்திரண்டு வயதான என் அம்மா.

தென்காசித் தென்றல்:

இடையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பல்லாக, சின்ன வெங்காயம் போல உருண்டையாக விற்கிறார்களே, அதுவும் மலைப்பூண்டுதானா? இதய அடைப்பை நீக்கும் என்று சொல்லி என் மைத்துனர் தினமும் வெறும் வயிற்றில் இரண்டு விழுங்குகிறார்.

அடுப்படிச் சோதனையாளன்:

ஒற்றைப் பல் என்பது பெரும்பாலும் தனி வகையாக இருப்பதில்லை. பல் பிரியாமல் நின்றுபோன பூண்டு அது. நட்ட பல் மிகச் சிறிதாக இருந்தாலோ, வளரும்போது போதிய குளிர் கிடைக்காவிட்டாலோ, அடிக்கிழங்கு பல பல்லாகப் பிரியாமல் ஒரே உருண்டையாகத் திரளும். உரிக்க எளிது என்பதால் சமையலுக்கு அது ஒரு வரம். இதய அடைப்பை நீக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்கும் அறுவைக்குத் தேதி குறித்தவர்களுக்கும் பச்சைப் பூண்டு மிகுந்தால் இரத்தக்கசிவு கூடக்கூடும். மைத்துனரை மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு விழுங்கச் சொல்லுங்கள்.

வைகைக்கரையான்:

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் குழம்பு. இரண்டு சட்டி, ஒவ்வொன்றிலும் 60 கிராம் முழுப் பல், வெங்காயம் முதலில், பூண்டு பிறகு; புளி, தூள், உப்பு எல்லாம் நிறுத்து ஒரே அளவு. ஒன்றில் மலைப்பூண்டு, ஒன்றில் கடைப் பூண்டு. கசப்பு இரண்டிலும் இல்லை. அம்மாவுக்குச் சட்டியைக் காட்டாமல் கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தோம். மூன்று முறை மாற்றி மாற்றிக் கொடுத்தும் குழம்பை வைத்து அவரால் பிரிக்க முடியவில்லை. பல்லைத் தனியாக எடுத்து மென்றபோது மட்டும், ஒன்று கொஞ்சம் மாவாக இருக்கிறது, மற்றது இழுவையாக இருக்கிறது என்றார். மாவாக இருந்தது கடைப் பூண்டு. கணக்குப்பிள்ளை ஐயாவுக்குப் பாதி வெற்றி என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மிளகு ரசம். இரண்டிலும் ஐந்து கிராம் பூண்டைத் தோலோடு மிளகு சீரகத்துடன் உரலில் நசுக்கி, பத்து நிமிடம் அப்படியே விட்டு, ரசம் நுரை கட்டி வரும் நேரத்தில் போட்டு இறக்கினோம். இங்கே ஐயத்துக்கே இடமில்லை. கிண்ணத்தை வாயருகே கொண்டுபோகும் முன்பே அம்மா, இதுதான் உன் மலைப்பூண்டு என்று சொல்லிவிட்டார். புகை வாசம் காட்டிக் கொடுத்திருக்கலாம் என்று என் மகள் ஆட்சேபித்ததால், தோலை உரித்து மறுபடி வைத்தோம். அப்போதும் சரியாகச் சொன்னார். கடைப் பூண்டு ரசம் மிளகு ரசமாக இருந்தது. மலைப்பூண்டு ரசம் பூண்டு ரசமாக இருந்தது.

மூன்றாவது, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் பச்சைப் பூண்டு மிளகாய்ச் சட்னி. காய்ந்த மிளகாயை ஊறவைத்து, பூண்டும் உப்பும் சேர்த்து அரைத்து நல்லெண்ணெய் ஊற்றும் எங்கள் பக்கத்துச் சட்னி. இதிலும் அம்மா உடனே பிரித்துவிட்டார்; ஆனால் அவருக்குப் பிடித்தது கடைப் பூண்டு. மலைப்பூண்டுச் சட்னி காலையில் தொட்டது மாலை வரை தொண்டையில் நிற்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். பாதி அளவு போட்டு மறுநாள் அரைத்தபோது பேசாமல் சாப்பிட்டார்.

கணக்குப்பிள்ளை:

சொன்னபடி பாதிச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ரசத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த முறை வடுகப்பட்டி போகும்போது ரசத்துக்கென்று கால் கிலோ தனியாக வாங்கப் போகிறேன். குழம்புக்கு வழக்கமான சரக்கே போதும்.

மேல்மலை மகள்:

என் பாட்டி குழம்பை இறக்கும் நேரத்தில் இரண்டு பல்லை நசுக்கி மேலே போட்டு மூடிவைப்பார் என்பது ஐயாவின் பதிலைப் படித்த பிறகுதான் நினைவுக்கு வருகிறது. எனக்குத் தெரிந்த மணம் அந்த இரண்டு பல்லிலிருந்து வந்திருக்க வேண்டும்.

தென்காசித் தென்றல்:

நானும் கால் கிலோ வரவழைத்து எலுமிச்சைச் சாற்றில் ஊறுகாய் போட்டேன். மூன்றாம் நாள் பல்லெல்லாம் மயில்துத்தம் போல நீலப் பச்சையாகிவிட்டது. கொட்டிவிடவா?

அடுப்படிச் சோதனையாளன்:

கொட்ட வேண்டாம். குளிரில் இருந்த பூண்டில் ஒருவகைக் கந்தகச் சேர்மம் கூடியிருக்கும். புளிப்பு பட்டதும் அது அமினோ அமிலங்களோடு சேர்ந்து இந்த நிறத்தைத் தருகிறது. தீங்கு இல்லை. வடசீனத்தில் பன்னிரண்டாம் மாதத்தின் எட்டாம் நாளில் பூண்டைக் காடியில் ஊறவைத்து, பச்சை நிறம் வந்தால்தான் பக்குவம் என்று கொண்டாடிச் சாப்பிடுகிறார்கள். நிறம் பிடிக்காவிட்டால் அடுத்த முறை பூண்டை ஆவியில் வேகவைத்துவிட்டு ஊறவையுங்கள், நொதி அடங்கிவிடும்.

அஞ்ச வேண்டியது வேறொன்று. புளிப்பு எதுவும் சேர்க்காமல், பச்சைப் பூண்டை உரித்து வெறும் எண்ணெயில் மூழ்கடித்து அலமாரியில் வைப்பது நல்லதன்று. காற்றுப் புகாத, புளிப்பற்ற இடத்தில் போட்டுலினம் கிருமி நஞ்சு சுரக்கும்; அதற்கு வாசமோ சுவையோ இருக்காது. 1985ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் போட்ட பூண்டைத் தின்ற 36 பேர் இப்படித்தான் பாதிக்கப்பட்டார்கள். எலுமிச்சையோ புளியோ தாராளமாக இருக்கட்டும். வெறும் எண்ணெய்ப் பூண்டு என்றால் குளிர்பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள்.

வைகைக்கரையான்:

என்னிடம் இன்னும் நூறு கிராம் இருக்கிறது. குளிர்பெட்டியில் வைக்கலாமா? மாடித் தொட்டியில் நான்கு பல் ஊன்றிப் பார்க்கும் ஆசையும் உண்டு.

மேல்மலை மகள்:

குளிர்பெட்டி வேண்டாம், அண்ணா. அந்தக் குளிரில் பூண்டு முளைப்புக்குத் தயாராகிவிடும். வெளியே எடுத்த வேகத்தில் பச்சைக் குருத்து எட்டிப் பார்க்கும். வலைப்பையில் போட்டு, காற்றோட்டமான சமையலறை மூலையில் ஆணியில் மாட்டுங்கள். தொட்டியில் ஊன்றினால் மதுரை வெயிலில் பூண்டு கட்டாது. நல்ல குளிர் பட்டால்தான் கிழங்கு திரளும். ஆனால் தாள் நன்றாக வரும். ஒரு சாண் வளர்ந்ததும் அரிந்து, உளுத்தம்பருப்பும் புளியும் வைத்துத் துவையல் அரைத்து அம்மாவுக்குக் கொடுங்கள். அது மாலை வரை தொண்டையில் நிற்காது.